டிகாக்ஸின் பிரஷரை ஏற்றுமா?

நீங்கள் கேட்டிருப்பது பார்வைக்கு ஒரு கேள்வி, உள்ளே மூன்று இருக்கின்றன. அப்பாவுக்கு வயது 72. இருபது ஆண்டுகளாக ரத்த அழுத்தம். அதற்கு டெல்மிசார்டானும், நீர் மாத்திரையான குளோர்தாலிடோனும் சாப்பிட்டு வருகிறார். இப்போது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்து நாடி தாறுமாறாக ஓடுகிறது என்று டிகாக்ஸின் 0.125 மில்லிகிராம் சேர்த்திருக்கிறார்கள். டிகாக்ஸின் டிஜிட்டாலிஸ் வகை மருந்து. உடம்பே டிஜிட்டாலிஸ் போன்ற ஒரு பொருளைச் சுரக்கிறது, ரத்த அழுத்தம் ஏற அதுவே காரணம் என்று எங்கோ படித்துவிட்டு, "அப்படியானால் இந்த மாத்திரை எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவது ஆகாதா?" என்று கேட்கிறீர்கள். மாத்திரை அழுத்தத்தை ஏற்றுமா, அந்த ஆராய்ச்சி உண்மையா, அப்பாவைப் போன்ற ஒருவருக்கு டிகாக்ஸின் ஆபத்தா என்று இதைப் பிரித்துக்கொள்ளலாம். முதலாவதற்குப் பதில் இல்லை என்பது; இது உறுதி. இரண்டாவது பாதி உண்மை, பாதி வழக்கு. மூன்றாவதற்கு ஆம் என்றும் சொல்லலாம். ஆனால் அந்த ஆபத்து நீங்கள் பயப்படுகிற இடத்தில் இல்லை. குளோர்தாலிடோனிலும் சிறுநீரகத்திலும் இருக்கிறது.

முதலில் மருந்து வேலை செய்யும் இடத்தைப் பார்க்கலாம். உடம்பின் ஏறக்குறைய ஒவ்வொரு செல்லின் சுவரிலும் சோடியம்-பொட்டாசியம் பம்ப் ஒன்று இருக்கிறது. ஒரு சுற்றுக்கு 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். இதைக் கண்டறிந்தவர் டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோ, ஆண்டு 1957. நோபல் பரிசு 1997இல்தான் வந்தது. டிஜிட்டாலிஸ் வகைப் பொருள்கள் எல்லாமே இந்தப் பம்பின் வெளிப்புறத்தில் போய் ஒட்டிக்கொண்டு அதை மந்தமாக்குகின்றன. செல்லுக்குள் சோடியம் கொஞ்சம் தேங்குகிறது. சோடியத்தை உள்ளே விட்டுக் கால்சியத்தை வெளியே அனுப்பும் இன்னொரு மாற்றுவாசல் உண்டு. உள்ளே ஏற்கெனவே சோடியம் தேங்கிவிட்டதால் அதன் வேகம் குறைந்து கால்சியமும் தங்குகிறது. இதயத் தசைச் செல்லில் கால்சியம் கூடினால் அது பலமாகச் சுருங்கும். நமக்கு வேண்டியது அதுதான். ரத்தக்குழாய்ச் சுவரில் இருக்கும் தசைச் செல்லில் அதே கால்சியம் கூடினால் குழாய் இறுகும், அழுத்தம் ஏறும். உங்கள் சந்தேகம் முளைத்தது இங்கேதான். தர்க்கப்படி அது சரியான சந்தேகமும்கூட.

சிரைவழியாக டிகாக்ஸினை வேகமாகச் செலுத்தினால் இது நடக்கவும் செய்கிறது. நுண்தமனிகள் சிறிது நேரம் இறுகி அழுத்தம் ஏறலாம். அதனால்தான் ஊசியாகக் கொடுக்கும்போது குறைந்தது 5 நிமிடமாவது எடுத்துக்கொண்டு மெதுவாகச் செலுத்த வேண்டும் என்பது விதி. 1964இல் மேசனும் பிரான்வால்டும் செய்த முன்கை ரத்த ஓட்ட ஆய்வு இதில் ஒரு திருப்பத்தைக் காட்டியது. இதயம் நன்றாக இருப்பவர்களுக்கு உவாபெயின் என்ற டிஜிட்டாலிஸ் வகை மருந்தைக் கொடுத்தால் குழாய்கள் இறுகின. இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்குக் கொடுத்தால் தளர்ந்தன. மருந்து ஒன்றுதான், விளைவு மட்டும் நேர் எதிர். செயலிழப்பு உள்ளவருக்கு, குழாய்களை இறுக்கி நாடியை முடுக்கும் பரிவு நரம்பு எந்நேரமும் முறுக்கேறிக் கிடக்கும், டிஜிட்டாலிஸ் அந்த முறுக்கைத் தளர்த்திவிடுகிறது. 1989இல் தசைக்குப் போகும் பரிவு நரம்பின் மின்துடிப்பை நேரடியாகப் பதிவு செய்து இதை உறுதிப்படுத்தினார்கள்: செயலிழப்பு உள்ளவர்களிடம் துடிப்பு சட்டென்று குறைந்தது, நலமாக இருப்பவர்களிடம் குறையவில்லை.

ஆனால் இவை ஊசி போட்டவுடன் சில நிமிடங்கள், சில மணி நேரங்கள் நடப்பவை. வாய்வழியாக நாள்தோறும் சிறு அளவில் டிகாக்ஸின் எடுப்பவர்களின் கதை வேறு. அது இந்த மருந்தின் பழகிய பக்கவிளைவுப் பட்டியலில் ரத்த அழுத்த உயர்வுக்கு இடமில்லை என்பதோடு முடிந்துவிடுகிறது. இத்தனை தலைமுறைகளாக இத்தனை பேர் சாப்பிட்ட மருந்து. அழுத்தத்தை ஏற்றும் குணம் இருந்திருந்தால் எப்போதோ வெளியே வந்திருக்கும். அதே சமயம், அழுத்தத்தைக் குறைக்கும் மருந்தாகவும் டிகாக்ஸினுக்கு அங்கீகாரம் கிடையாது. யாராவது "இது பிரஷருக்கும் நல்லது" என்று சொன்னால் நம்பாதீர்கள். டிகாக்ஸினைச் சேர்த்ததால் அப்பாவின் பி.பி. மாத்திரைகள் எதையும் குறைக்க வேண்டியதில்லை.

இனி நீங்கள் படித்த ஆராய்ச்சி. இதன் தொடக்கம் 1961. டி வார்டனர் என்ற ஆங்கிலேயச் சிறுநீரக மருத்துவர் நாய்களுக்கு உப்புநீர் ஏற்றினார். சிறுநீரகத்தில் வடிகட்டும் வேகத்தை வேண்டுமென்றே குறைத்து, உப்பைத் தேக்கும் ஹார்மோனையும் தாராளமாகக் கொடுத்தும், நாய்கள் உப்பைக் கழிப்பது கூடிக்கொண்டே போனது. அன்றைக்குத் தெரிந்த இரண்டு காரணங்களையும் அடைத்துவிட்ட பிறகும் நடக்கிறது என்றால், ரத்தத்தில் மூன்றாவது ஏதோ ஒன்று சுற்ற வேண்டும். அடுத்து லூயிஸ் டால், உப்பினால் அழுத்தம் ஏறும் எலியையும் ஏறாத எலியையும் உடல் ஒட்ட இணைத்துத் தைத்து உப்பு கொடுத்தார். ஏறாத எலிக்கும் அழுத்தம் ஏறியது. இந்த இரண்டையும் சேர்த்துப் பின்னிய கருதுகோள் இது: உப்பைக் கழிக்கத் திணறும் சிறுநீரகத்துக்கு உதவ உடம்பு ஒரு பம்ப்-தடுப்பானைச் சுரக்கிறது. அது சிறுநீரகத்தில் பம்பை மந்தமாக்கி உப்பை வெளியேற்றுகிறது. ஆனால் அதே பொருள் ரத்தக்குழாய்களிலும் பம்பைத் தடுத்து அவற்றை இறுக்குகிறது. உப்பு வெளியேறுவதற்கு உடம்பு கொடுக்கும் விலைதான் உயர் ரத்த அழுத்தம். 1977இல் பிளாஸ்டீன், மேலே சொன்ன சோடியம்-கால்சியம் மாற்றுவாசலை இதில் பொருத்திக் காட்டினார். இவ்வளவு அழகாகப் பொருந்தும் கருதுகோள்கள் மருத்துவத்தில் குறைவு. அழகு மெய்யென்பதற்குச் சான்றாகாது, அது வேறு விஷயம்.

1982இல் ஹாம்லினும் உடன் பணியாற்றியவர்களும், ரத்த அழுத்த நோயாளிகளின் பிளாஸ்மா இந்தப் பம்பைத் தடுக்கிறது, தடுக்கும் அளவு அவர்களின் அழுத்தத்தோடு சேர்ந்தே கூடுகிறது என்று வெளியிட்டார்கள். 1991இல் பெருமளவு மனிதப் பிளாஸ்மாவைப் பிரித்தெடுத்து, அந்தப் பொருள் உவாபெயின், அல்லது அதிலிருந்து பிரித்தறிய முடியாத அளவுக்கு ஒத்த ஒன்று என்று அறிவித்தார்கள். ஆப்பிரிக்காவில் அம்பு நுனியில் தடவும் நஞ்சாகப் பயன்பட்ட மரச்சாற்றின் சத்து உவாபெயின். அது மனித ரத்தத்தில் ஓடுகிறது, அட்ரினல் சுரப்பியே அதைச் செய்கிறது என்றார்கள்.

வழக்கு இங்கே தொடங்குகிறது. இந்தப் பொருளின் அளவைப் பெரும்பாலான ஆய்வுகள் எதிர்ப்புரதம் கொண்டே அளந்தன. எதிர்ப்புரதம் ஒரு வடிவத்தை அடையாளம் காணும், அவ்வளவுதான். அதே சாயலுள்ள வேறு ஸ்டீராய்டும் அதில் ஒட்டலாம். ஆய்வகத்துக்கு ஆய்வகம் அளவுகள் பெரிதும் மாறின. 1994இலேயே ஒரு குழு, உடம்பில் இருக்கும் அந்தப் பொருள் உவாபெயின் அல்ல என்று வாதிட்டது. 2014இல் மிகக் குறைந்த அளவையும் பிடிக்கக்கூடிய நிறை நிறமாலைக் கருவியால் தேடிய ஒரு குழு, மனிதப் பிளாஸ்மாவில் உவாபெயினே தென்படவில்லை என்றது. மறுதரப்பு விட்டுக்கொடுக்கவில்லை. 'உடம்பு உவாபெயினைச் சுரக்கிறது' என்று உறுதியாகச் சொல்லும் கட்டுரையைப் படித்தால், அது ஒரு தரப்பின் வாக்குமூலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போகிற போக்கில் இன்னொன்று: உப்பைக் கழிக்கும் ஹார்மோனைத் தேடிய இந்த வேட்டையில், 1981இல் அடோல்ஃபோ டி போல்ட் எலி இதயத்தின் மேலறைச் சாற்றிலிருந்து உண்மையாகவே ஒன்றைக் காட்டிவிட்டார். ஆனால் அது பம்பைத் தடுப்பதில்லை, குழாய்களை இறுக்குவதில்லை, தளர்த்துகிறது. தேடிய பொருள் வேறு முகத்தோடு வந்து நின்றது.

அப்படியானால் எல்லாம் வெறும் கதையா என்றால், அதுவும் இல்லை. பம்பின் அந்த ஒட்டுமிடம் ரத்த அழுத்தத்தில் பங்கு வகிக்கிறது என்பதற்கு, என் மதிப்பீட்டில், மிக வலுவான சான்று 2005இல் வந்த சுண்டெலி மரபணு வேலை. பம்பில் ஆல்ஃபா 1, ஆல்ஃபா 2 என்று வகைகள் உண்டு. சுண்டெலியின் ஆல்ஃபா 2 வகையில் இரண்டு அமினோ அமிலங்களை மாற்றி, உவாபெயின் ஒட்டாதபடி செய்தார்கள். ஏ.சி.டி.எச். ஹார்மோன் கொடுத்தால் சாதாரணச் சுண்டெலிக்கு அழுத்தம் ஏறும். இந்த மாற்றப்பட்ட சுண்டெலிக்கு ஏறவில்லை. ஒட்டுமிடத்தில் ஒட்டுவதற்கு உடம்பில் ஏதோ ஒன்று இருக்கிறது என்பதை இது காட்டுகிறது. அது உவாபெயின்தானா என்பதைக் காட்டவில்லை. இதில் படிப்பவர்கள் தவறவிடும் ஒரு நுணுக்கம் உண்டு. எலி, சுண்டெலி இரண்டுக்கும் ஆல்ஃபா 1 பம்ப் இயல்பிலேயே இந்த மருந்துகளுக்கு மசியாது, மனிதருடையது மசியும். ஆகவே எலியில் அளந்த அளவை அப்படியே மனிதருக்குத் தூக்கி வருவது பிழை.

உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் சோதனையும் எலியில்தான் நடந்திருக்கிறது. எலிக்கு உவாபெயினை வாரக்கணக்கில் சிறிது சிறிதாகச் செலுத்தினால் அழுத்தம் ஏறுகிறது. அதே போல டிகாக்ஸினைச் செலுத்தினால் ஏறுவதில்லை. அதைவிட, உவாபெயினோடு டிகாக்ஸினைச் சேர்த்துக் கொடுத்தால் உவாபெயின் ஏற்ற வேண்டிய அழுத்தம்கூட ஏறாமல் போகிறது. ஒரே பூட்டுக்கு ஒரே மாதிரித் தெரியும் இரண்டு சாவிகள். ஒன்று திறக்கிறது, மற்றது உள்ளே நுழைந்து வழியை அடைத்துக்கொள்கிறது. பம்பைத் தடுப்பது மட்டும்தான் காரணம் என்றால் இரண்டும் ஒரே விளைவைத் தந்திருக்க வேண்டும். உவாபெயின் ஒட்டும்போது பம்ப் செல்லுக்குள் தனியாகச் சில சமிக்ஞைகளை அனுப்புகிறது, மூளையின் வழியாகப் பரிவு நரம்பையும் முடுக்குகிறது, டிகாக்ஸின் அப்படிச் செய்வதில்லை என்பது இப்போது சொல்லப்படும் விளக்கம். விளக்கம் நாளை மாறலாம். சோதனை முடிவு மாறாது: டிஜிட்டாலிஸ் வகை என்ற ஒரே கூடையில் போட்டதால் எல்லாம் ஒன்றாகிவிடாது.

மனிதரிடம் இந்தக் கருதுகோளைச் சிகிச்சையாக்கிப் பார்த்ததும் உண்டு. ரோஸ்டாஃப்யூராக்ஸின் என்ற மூலக்கூறு உவாபெயினின் விளைவைத் தடுக்கவே செய்யப்பட்டது. ஐந்து வெவ்வேறு அளவுகளில், 0.05 முதல் 5 மில்லிகிராம் வரை, ரத்த அழுத்த நோயாளிகளுக்குக் கொடுத்த பெரிய சோதனையில் ஒட்டுமொத்தமாகப் பார்த்தபோது அழுத்தம் குறையவில்லை. குறிப்பிட்ட மரபணு அமைப்பு உள்ளவர்களை மட்டும் பொறுக்கிப் பார்த்தால் குறைகிறது என்று பிறகு காட்டினார்கள். அதையே முன்கூட்டித் தேர்ந்தெடுத்துச் செய்த அடுத்த சோதனையில் இத்தாலியர்களிடம் பலன் தெரிந்தது, சீன வம்சாவளியினரிடம் தெரியவில்லை. மருந்துக்கடைக்கு வரும் நிலையை அது எட்டவில்லை. கர்ப்பகால ரத்த அழுத்த நோயான பிரிஎக்லாம்ப்சியாவில் இன்னொரு முயற்சி: டிகாக்ஸின் நஞ்சுக்கு முறிவாகக் கொடுக்கும் ஃபேப் எதிர்ப்புரதத்தையே, உடம்பின் சொந்தப் பொருளைப் பிடிப்பதற்காக, 51 பெண்களிடம் சோதித்தார்கள். பி.பி. மருந்தின் தேவை குறையவில்லை. ஆனால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் சரியாமல் நின்றது. சுவையான முடிவு. சிகிச்சை முறையாக ஆக்குவதற்கு 51 பேர் போதாது.

இந்த ஆராய்ச்சியின் ஒரு துண்டு மட்டும் அன்றாட நடைமுறைக்கு வந்து சேர்ந்திருக்கிறது, அதை நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது. டிகாக்ஸினே சாப்பிடாத பச்சிளங்குழந்தைகள், கர்ப்பிணிகள், சிறுநீரகம் அல்லது கல்லீரல் செயலிழந்தவர்கள் ஆகியோரின் ரத்தத்தில் டிகாக்ஸின் பரிசோதனை சில சமயம் 'இருக்கிறது' என்று காட்டும். உடம்பின் ஏதோ ஒரு பொருள் அந்தப் பரிசோதனையின் எதிர்ப்புரதத்தில் ஒட்டிக்கொள்வதுதான் காரணம். ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுபவர்களுக்கும் சில கருவிகளில் அளவு பொய்யாக மாறும். லேப் அறிக்கையில் வந்த எண்ணும் நோயாளியின் நிலையும் ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் இதை நினைக்க வேண்டும்.

இப்போது மூன்றாவது கேள்வி, அப்பாவுக்கு உண்மையில் முக்கியமானது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் டிகாக்ஸின் தாளத்தைச் சரிசெய்வதில்லை. வேகஸ் நரம்பின் வழியாக, மேலறையிலிருந்து துடிப்பைக் கடத்தும் ஏ.வி. கணுவை மந்தமாக்கி, கீழறைக்கு இறங்கும் துடிப்புகளைக் குறைக்கிறது. உட்கார்ந்திருக்கும்போது நன்றாகக் கட்டுப்படுத்தும். மாடிப்படி ஏறினால் வேகஸ் ஒதுங்கிக்கொள்ளும், நாடி எகிறும். நடமாட்டம் குறைந்த வயதானவருக்கு இது பெரிய குறை இல்லை. ரத்த அழுத்தமும் சேர்ந்து இருப்பவருக்கு, ஆஸ்துமா போன்ற தடை இல்லையென்றால், பீட்டா பிளாக்கர் நாடியையும் அழுத்தத்தையும் சேர்த்தே குறைக்கும் என்பதால் பலர் அதையே முதலில் எடுப்பார்கள். இதயத்தின் பம்பும் திறன் நன்றாக இருந்தால் டில்டியாசெம்மும் ஒரு வழி. "இவருக்கு ஏன் டிகாக்ஸின்?" என்று அவருடைய மருத்துவரைக் கேட்பது நியாயமான கேள்விதான். எக்கோவில் இ.எஃப். (அந்தப் பம்பும் திறனின் அளவு) குறைந்திருந்தாலோ, பீட்டா பிளாக்கர் ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தாலோ, அவரிடம் நல்ல பதில் இருக்கும். 2020இல் வெளியான ஒரு சோதனையில், நிலைத்துவிட்ட ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ள 160 முதியவர்களிடம் டிகாக்ஸினையும் பைசோப்ரோலாலையும் ஒப்பிட்டார்கள்; ஆறு மாத முடிவில் வாழ்க்கைத் தரத்தில் வேறுபாடு இல்லை. எனவே டிகாக்ஸினை மட்டமான மருந்து என்று ஒதுக்கவும் வேண்டாம்.

"டிகாக்ஸின் சாப்பிட்டால் ஆயுள் குறையுமாமே" என்பதையும் நீங்கள் படித்திருப்பீர்கள். ரத்த அழுத்தத்தால் இதயச் சுவர் தடித்தவர்களிடம் லொசார்டானையும் அட்டெனலாலையும் ஒப்பிட்ட லைஃப் ஆய்வில் 9,193 பேர் இருந்தார்கள். அவர்களில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருந்தவர்களையும் பிறகு வந்தவர்களையும் தனியே எடுத்துப் பார்த்தபோது, டிகாக்ஸின் எடுத்தவர்களில் இறப்பு கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் வயது, பிற நோய்கள் போன்றவற்றைக் கணக்கில் எடுத்துச் சரிசெய்ததும் அந்தத் தொடர்பு மங்கிவிட்டது. பொதுவாக நோய் முற்றியவர்களுக்கே டிகாக்ஸின் எழுதப்படுகிறது. பழி மருந்தின் மேல் விழுகிறது. குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த மிகப் பெரிய டிகாக்ஸின் சோதனையில், இதயச் செயலிழப்பு உள்ள 6,800 பேரிடம், இறப்பு மருந்தெடுத்தவர்களில் 34.8 சதவீதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 35.1 சதவீதம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. செயலிழப்பு முற்றி மருத்துவமனையில் சேர்வது மட்டும் 34.7இலிருந்து 26.8 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் அதே சோதனைக்குள் புதைந்திருந்த ஒரு செய்தி பிறகு வெளியே வந்தது: ஆண்களில் ரத்தத்தில் டிகாக்ஸின் அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 முதல் 0.8 நானோகிராம் இருந்தவர்களில் இறப்பு குறைவு, 1.2க்கு மேல் போனவர்களில் அதிகம். இன்று 0.5 முதல் 0.9க்குள் நிறுத்துங்கள் என்று சொல்வது இதனால்தான். 2 வரை 'இயல்பு' என்று அச்சிட்டிருக்கும் பழைய லேப் அறிக்கைகளை அப்படியே நம்ப வேண்டாம். 2025இல் வந்த டிஜிடாக்ஸின் சோதனை, இ.எஃப். மிகவும் குறைந்தவர்களில் இறப்பும் மருத்துவமனைச் சேர்க்கையும் சேர்ந்த கணக்கை 44.1இலிருந்து 39.5 சதவீதமாகக் குறைத்தது. நல்ல செய்திதான். ஆனால் அது வேறு மருந்து. பெரும்பகுதி சிறுநீரகத்தை நம்பாமல் கழிவது. இ.எஃப். சரியாக இருந்து சுவர் மட்டும் தடித்து விறைத்த, ரத்த அழுத்த நோயாளிகளிடம் அடிக்கடி காணும் இதயத்துக்கு இந்த முடிவைப் பொருத்த முடியாது. அத்தகைய 988 பேரிடம் டிகாக்ஸினைத் தனியே சோதித்தபோது தெளிவான பலன் கிடைக்கவில்லை.

அப்பாவின் மாத்திரைப் பெட்டிக்கு வருவோம். பொட்டாசியமும் டிகாக்ஸினும் பம்பின் ஒரே இடத்துக்குப் போட்டியிடுகின்றன. ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் டிகாக்ஸின் கூடுதலாக ஒட்டும். ரத்த அளவு 0.8 என்று நல்லபடியாக இருக்கும்போதே நஞ்சாகும். குளோர்தாலிடோன் பொட்டாசியத்தையும் மெக்னீசியத்தையும் சிறுநீரில் விரட்டுவதில் கெட்டிக்கார மருந்து. டெல்மிசார்டான் பொட்டாசியத்தைத் தேக்கும் என்பதால் ஓரளவு ஈடாகும். ஆனால் அதுவே டிகாக்ஸினின் ரத்த அளவைக் கொஞ்சம் உயர்த்தும். ஆகவே டிகாக்ஸின் தொடங்கி ஒன்றிரண்டு வாரத்தில் பொட்டாசியம், மெக்னீசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்; பொட்டாசியம் 4க்கும் 5க்கும் இடையில் இருப்பது வசதி. குறைகிறதே என்று நீங்களாக பொட்டாசியம் சிரப்போ, பொட்டாசியம் கலந்த மாற்று உப்போ கொடுத்துவிடாதீர்கள். டெல்மிசார்டான் உள்ளே இருக்கும்போது அது மறுபக்கம் எகிறிவிடும்.

மேலும் கெடுவது பெரும்பாலும் இந்த வரிசையில்தான். வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வருகிறது, உடம்பு வறள்கிறது. நீர் மாத்திரையும் டெல்மிசார்டானும் நிற்காமல் போய்க்கொண்டிருக்கின்றன, கிரியாட்டினின் ஏறுகிறது. டிகாக்ஸின் கழிவது சிறுநீரகம் வழியாக. அரை ஆயுள் சாதாரணமாக 36 முதல் 48 மணி நேரம். சிறுநீரகம் நின்றுபோனால் 4, 5 நாள் வரை நீளும். நாள்தோறும் விழுங்கும் மாத்திரை உள்ளே அடுக்கிக்கொண்டே போகிறது. பசியின்மையும் குமட்டலும் வருகின்றன. வயிறு சரியில்லை, அதனால்தான் என்று வீட்டில் நினைத்துக்கொள்கிறார்கள். அது டிகாக்ஸின் நஞ்சின் முதல் மணி. கண்ணுக்கு மஞ்சள் படர்வது புத்தகத்தில் பிரபலம், எதிரில் பார்ப்பது குறைவு; வயதானவரிடம் குழப்பமும் சோர்வும்தான் அதிகம். இப்படி ஒரு நோய் வந்த அன்றே மருத்துவரைக் கூப்பிட்டு, எந்த மாத்திரையை எத்தனை நாள் நிறுத்துவது என்று கேளுங்கள். நாடி 60க்குக் கீழே போனாலும், மயக்கம் வந்தாலும், அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் கேளுங்கள். இன்னொரு அறிகுறியைப் பலர் நல்லதென்று எடுத்துக்கொள்வார்கள்: ஒழுங்கில்லாமல் ஓடிக்கொண்டிருந்த நாடி திடீரென்று மெதுவாக, கடிகாரம் போல ஒழுங்காகிவிடும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் சரியாகிவிட்டது என்று மகிழ வேண்டாம். மேலறைக்கும் கீழறைக்கும் தொடர்பு அறுந்ததால்கூட அப்படி ஆகும். ஈ.சி.ஜி. எடுத்தால்தான் தெரியும்.

புதிதாகச் சேரும் மருந்துகளிலும் கண் வேண்டும். வெராபமில் டிகாக்ஸின் அளவை ஒன்றரை மடங்குக்கு மேல் ஏற்றும், அமியோடரோன் ஏறக்குறைய இரட்டிப்பாக்கும். இவற்றைத் தொடங்கும்போது டிகாக்ஸினைப் பாதியாக்குவது வழக்கம். இருமலுக்கும் சளிக்கும் எழுதப்படும் கிளாரித்ரோமைசினும் ஏற்றும். மூட்டுவலிக்கு வாங்கும் வலி மாத்திரைகள் சிறுநீரகத்தின் வழியாகக் காரியத்தைக் கெடுக்கும், பி.பி.யையும் ஏற்றும். அரளி, காட்டு வெங்காயம் முதலியவற்றில் இருப்பதும் இதே வகைச் சத்துதான். 'இதயத்துக்கு நல்ல மூலிகை' என்று யார் கொடுத்தாலும் டிகாக்ஸின் எடுப்பவர் அதைத் தொடக்கூடாது, எடுக்காதவரும்தான்.

அளவில் வரும் பிழை ஒன்று உண்டு. 0.25 மில்லிகிராம் என்று அட்டையில் இருப்பதைப் பார்த்து 'கால் மாத்திரை' என்று புரிந்துகொள்ள இடமிருக்கிறது. 0.25 என்பது முழு மாத்திரையில் இருக்கும் மருந்தின் அளவு. அப்பாவுக்கு எழுதியிருக்கும் 0.125 அதில் அரை மாத்திரை. கால் மாத்திரை என்றால் 0.0625. எந்த அட்டை வாங்கினீர்களோ அதில் அச்சிட்டிருக்கும் எண்ணைச் சரிபாருங்கள். அடுத்த முறை கடையில் வேறு எண் உள்ள அட்டையைக் கொடுத்திருக்கலாம். ஒருவேளை மறந்து 12 மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டால் அந்த வேளையை விட்டுவிடுங்கள், மறுநாள் இரண்டாகக் கொடுக்க வேண்டாம். ரத்த அளவு பார்ப்பதானால் மாத்திரை விழுங்கிக் குறைந்தது 6 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும்; அடுத்த வேளைக்குச் சற்று முன் எடுப்பது இன்னும் நல்லது. காலையில் விழுங்கிவிட்டு நேரே லேபுக்குப் போனால் மருந்து திசுக்களுக்குள் பரவுவதற்கு முன்பே அளக்கிறார்கள். எண் பயமுறுத்தும், அர்த்தம் இருக்காது. மருந்து உடம்பில் ஒரு நிலைக்கு வரவே ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும், சிறுநீரகம் மந்தமானவருக்கு அதற்கு மேலும். அதற்கு முன் எடுக்கும் அளவால் முடிவெடுக்க முடியாது.

டிகாக்ஸின் தொடங்கிய பிறகு பி.பி. ஏறியதாகச் சொன்னீர்களே, காலையில் 128, பத்து நிமிடத்தில் 156 என்று. தாளமில்லாத இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் வெவ்வேறு அளவு ரத்தத்தைத் தள்ளுகிறது, தானியங்கி பி.பி. கருவி அதில் ஏதோ ஒரு துடிப்பைப் பிடித்து எண் சொல்கிறது. இது மருந்தின் வேலையாக இருக்க வாய்ப்பு குறைவு, தாளத்தின் வேலையாகத்தான் இருக்கும். ஐந்து நிமிடம் உட்காரவைத்து, ஒரு நிமிட இடைவெளியில் மூன்று முறை எடுத்து, சராசரியைக் குறித்து வையுங்கள். நாடியையும் கருவியை நம்பாமல், இதயத்தின் மேல் ஸ்டெதாஸ்கோப் வைத்து முழு ஒரு நிமிடம் எண்ணச் சொல்லுங்கள். பலவீனமான துடிப்புகள் மணிக்கட்டு வரை வந்து சேர்வதில்லை என்பதால் கையில் எண்ணுவது குறைவாகவே வரும். கையில் 58 என்று எண்ணி மாத்திரையை நிறுத்தியவருக்கு இதயத்தில் 90 ஓடிக்கொண்டிருக்கலாம்.

அப்பாவுக்கு 0.125 சரியா, 0.0625 போதுமா என்பதை இங்கிருந்து சொல்ல முடியாது. அதற்கு அவருடைய எடை, கிரியாட்டினின், எக்கோ மூன்றும் கையில் வேண்டும். நீங்கள் எழுதியதில் அவை இல்லை. டிகாக்ஸின் தொடங்குவதற்கு முன் எடுத்த ஈ.சி.ஜி. ஒன்றை மட்டும் கோப்பில் பத்திரமாக வையுங்கள். ரத்த அழுத்தத்தால் தடித்த இதயமும் ஈ.சி.ஜி. கோட்டின் எஸ்.டி. பகுதியைக் கீழே இழுக்கும், டிகாக்ஸினும் இழுக்கும், இதயத்தசைக்கு ரத்த ஓட்டம் குறைவதும் இழுக்கும். ஒரு நாள் இரவு நெஞ்சுவலி என்று அவசரப் பிரிவுக்குப் போனால், அங்கே இருப்பவர் முதலில் தேடுவது அந்தப் பழைய தாளைத்தான்.